ஸ்பீக்கரில் இருந்து பின்னோக்கி: வன்னியில் ஒரு அமெச்சூர் றேடியோ செய்வது எப்படி

மைக்கும் ஏரியல் வயரும் உள்ள பெட்டி ஒன்றை மேசையில் கண்டதும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "தம்பி, உதுக்குக் கடிதம் கிடிதம் இருக்கோ?" வன்னியில் இருந்த எவருக்கும் அந்தக் கேள்வியின் கனம் தெரியும். பற்றரிக்குத் தடை இருந்த காலத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் செய்தி கேட்ட சனம் நாங்கள். கேட்கிற றேடியோ எங்களுக்குப் பழசு. பேசுகிற றேடியோ என்றால்தான் நெஞ்சு இடிக்கும். ஆகவே ஈயம் உருக்க முதல் கடதாசி.

இலங்கையில் அமெச்சூர் றேடியோவுக்கான, அதாவது வியாபாரமின்றிப் பொழுதுபோக்காக மற்றவர்களோடு அலையில் பேசும் றேடியோவுக்கான அனுமதியை 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு தருகிறது. பரீட்சை எழுதிச் சித்தியடைந்தால் 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக்குறி, அதாவது அலையில் உங்கள் பெயர், கிடைக்கும். இலங்கை வானொலிச் சங்கத்து ஆட்களோடு தொடர்பு வைத்துக்கொண்டால் படிக்கிற வேலை பாதியாகக் குறையும். படிக்கிற மாதங்களில் இந்தப் பெட்டியின் கேட்கும் பக்கத்தை மட்டும் செய்யுங்கள். அனுப்பும் பக்கத்தின் சாமான் லாச்சிக்குள்ளேயே கிடக்கட்டும். அனுமதி வந்ததும் அதன் பிரதியை லமினேற் செய்து மேசைக்கு மேலே ஒட்டுங்கள். கிராம அலுவலரிடமும் ஒரு சொல் சொல்லி வையுங்கள். சட்டம் கேட்காத வேலைதான். ஆனால் மரத்துக்கு மரம் வயர் இழுக்கிறவனைப் பற்றி அயலட்டை என்ன கதைக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

எந்தப் பெட்டி?

முதல் பெட்டிக்கு 40 மீற்றர் அலைவரிசை, அதாவது 7.0 தொடக்கம் 7.2 மெகாஹேர்ட்ஸ். பகலில் இந்த மீடிறனில் (ஒரு செக்கனில் அலை அதிரும் தடவை) அலையை நேரே மேலே அனுப்பினால், உயரத்தில் மின்னேற்றம் பெற்ற காற்றுப் படையான அயன மண்டலம் அதைத் திருப்பி எங்கள் தலையிலேயே கொட்டும். குடை விரித்த மாதிரி முழு இலங்கையும், தென்னிந்தியாவின் பெரும் பகுதியும் அதற்குள் வந்துவிடும். நடுவில் காடோ மலையோ இருந்தாலும் பரவாயில்லை. அதற்கு 5 வாற் போதும்.

சுற்றுப்படத்துக்கு பிற்எக்ஸ் குடும்பத்தைப் பிடியுங்கள். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்து, எவரும் செய்யலாம் என்று திறந்து விட்டது. கடையில் கிடைக்காத சாமானைத் தவிர்ப்பதுதான் அதன் குணம். மூல வடிவத்தில் ஒரு சுருளைத் தண்ணீர்ப் பைப்புக்குப் போடும் வாசரில் சுற்றியிருப்பார். ஒரே பெருக்கிகளையும் ஒரே வடியையும் (வேண்டிய அலையை மட்டும் விடும் சல்லடை) கேட்கும்போது ஒரு திசையிலும், பேசும்போது மறு திசையிலும் பயன்படுத்துவது அடுத்த கெட்டித்தனம். கேட்கும் பக்கம் சரியாக வேலை செய்தால் அனுப்பும் பக்கத்தின் பெரும்பகுதி ஏற்கனவே முடிந்தது என்று அர்த்தம்.

ஏரியலில் வரும் அலையை, உள்ளே நாங்கள் உண்டாக்கும் இன்னோர் அலையோடு கலந்து 12 மெகாஹேர்ட்ஸாக மாற்றுகிறோம். கணக்கு இவ்வளவுதான். உள்ளே 12 மெகாஹேர்ட்ஸில் ஒரு கிறிஸ்ரல் வடி. நாங்கள் திருகி மாற்றும் அலையாக்கி 4.8 இல் இருந்து 5.0 வரை. 12இல் 5ஐக் கழித்தால் 7, 4.8ஐக் கழித்தால் 7.2. இதே அலையாக்கியோடு 17 மெகாஹேர்ட்ஸும் கலந்து 12ஐத் தரும் என்பதால், ஏரியல் பக்கம் 7ஐ மட்டும் உள்ளே விடும் பட்டை வடி ஒன்று வேண்டும்.

சாமான்

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ரிவி திருத்தும் பழைய கடை ஒன்றைச் சிநேகிதம் பிடியுங்கள். தடையி, கொள்ளளவி, 1என்4148 டயோட், ஸ்பீக்கர், கழித்து விட்ட போர்ட்டுகள் எல்லாம் அங்கே கிடைக்கும். 2என்3904 ரான்சிஸ்ரர், எல்எம்386 ஒலிபெருக்கிச் சிப், அனுப்பும் சக்தி தரும் ஐஆர்எஃப்510 ரான்சிஸ்ரர், ஆர்டுயினோ நானோ என்ற சின்னக் கணினிப் போர்ட், அலை உண்டாக்கும் எஸ்ஐ5351 போர்ட் ஆகியவற்றுக்கு கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவைப் பாருங்கள். 12 மெகாஹேர்ட்ஸ் கிறிஸ்ரல் நாலு தேவை, பத்து வாங்குங்கள். காரணம் பின்னால் வரும்.

சுருள் சுற்றும் வளையக் கருவில்தான் புதியவர்கள் ஏமாறுவது. நானும் ஏமாந்தேன். அனுப்பும் பக்கத்து வடிக்கு ரி37-6 என்ற முழு மஞ்சள் வளையம் வேண்டும். பழைய கொம்பியூட்டர் பவர் சப்ளைக்குள் மஞ்சளும் வெள்ளையும் கலந்த வளையம் ஒன்று இருக்கும். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி. அது 26ஆம் இனக் கலவை. 7 மெகாஹேர்ட்ஸில் சக்தியைக் குடித்துச் சூடாகும். இரண்டு வாரம் ரான்சிஸ்ரரைக் குறை சொல்லிக்கொண்டு திரிந்தேன். கடைசியில் விரலை வைத்துப் பார்த்தால் வளையம் சுட்டது.

செப்புத் தகடு ஒட்டிய போர்ட் ஒன்றை எடுத்து, அதன் செப்பு முழுவதையும் எர்த் ஆக வைத்துக்கொண்டு, சாமான்களை மேலேயே கால்களால் நிறுத்திச் சோல்டர் பண்ணுங்கள். பார்க்க அசிங்கம். ஆனால் எர்த் நல்ல எர்த், மாற்றுவதும் சுகம். தனித்தனிச் சின்னத் தகடுகளில் ஒவ்வொரு பகுதியையும் செய்து, பிறகு ஒரு பலகையில் பூட்டுவது என் பழக்கம்.

மின்சாரத்துக்கு 12 வோல்ற், 7 அம்பியர்-மணி யூபிஎஸ் பற்றரி. நேர் வயரில் 2 அம்பியர் ஃபியூஸும், வயர் மாறிக் கொடுத்தால் காப்பாற்ற ஒரு டயோட்டும் கட்டாயம். "நான் மாற மாட்டேன்" என்கிறவன்தான் இரவு பதினொரு மணிக்கு மாறிக் கொடுப்பான்.

ஸ்பீக்கரில் இருந்து பின்னோக்கி

இந்த வேலைக்கு ஒரே ஒரு ஒழுங்குதான் இருக்கிறது. ஸ்பீக்கரில் தொடங்கி ஏரியல் பக்கம் நடக்க வேண்டும். ஒரு பகுதி வாய் திறக்காமல் அடுத்த பகுதிக்குப் போகக் கூடாது. முழுவதையும் சோல்டர் பண்ணி முடித்துவிட்டு சுவிச்சைப் போட்டவர்கள் இரண்டே நாளில் பெட்டியை அலுமாரிக்கு மேலே தூக்கிப் போட்டதை நான் கண்டிருக்கிறேன்.

முதலில் எல்எம்386 ஒலிபெருக்கி. 1ஆம், 8ஆம் கால்களுக்கிடையில் 10 மைக்ரோபரட் போட்டால் பெருக்கம் 20இல் இருந்து 200 ஆகும். 5ஆம் காலில் இருந்து எர்த்துக்கு 10 ஓம் தடையியும் 47 நனோபரட் கொள்ளளவியும் தொடராக. சப்ளைக் காலடியில் 100 மைக்ரோபரட். இவற்றை விட்டால் பழைய மோட்டர் போட் மாதிரி "பட் பட்" என்று அடிக்கும். சுவிச்சைப் போட்டு வொலியூமின் நடுக்காலை விரலால் தொடுங்கள். "ம்ம்" என்று இரைந்தால் அடுத்ததற்குப் போகலாம்.

இரண்டாவது, எஸ்ஐ5351 போர்ட்டும் நானோவும். இந்தச் சின்னச் சிப்பில் மூன்று வெளியீடு உண்டு. ஒன்றைத் திருகும் அலையாக்கியாகவும், இன்னொன்றை 12 மெகாஹேர்ட்ஸ் பக்கத்தில் குரலைச் சுமக்கும் காவி அலையாகவும் வைக்கலாம். சுருளும் கொள்ளளவியும் வைத்துச் செய்யும் பழைய அலையாக்கி அழகான பாடம்தான். ஆனால் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அதன் மீடிறன் ஓடுகிற ஓட்டத்தைத் துரத்திப் பிடிக்க முடியாது. நானோவும் டிஸ்பிளேயும் தாங்களே இரைச்சல் கிளப்பும். அவற்றைத் தனித் தகர மறைப்புக்குள் அடையுங்கள். கழுவிக் காயவைத்த மீன் ரின் இதற்கு நல்லது. வெளிப்பக்கம் அரத்தாளால் தேய்த்தால் ஈயம் பிடிக்கும்.

மூன்றாவது, இரண்டு டயோட் வைத்த சமநிலைக் கலப்பி. கேட்கும்போது குரலைப் பிரித்தெடுப்பதும், பேசும்போது குரலை ஏற்றுவதும் இதுதான். இதற்கு முன்னால் இருபக்கப் பெருக்கி. ஒவ்வொரு ரான்சிஸ்ரரிலும் பேஸ் கால் எமிற்றர் காலை விட 0.6 தொடக்கம் 0.7 வோல்ற் கூட இருக்கிறதா என்று மல்ரிமீற்றரால் பாருங்கள். இல்லையென்றால் காலை மாறிப் பூட்டியிருக்கிறீர்கள், அல்லது தடையியின் நிறத்தைத் தவறாக வாசித்திருக்கிறீர்கள். எனக்கு இரவு வெளிச்சத்தில் சிவப்பும் செம்மஞ்சளும் ஒன்றுதான். ஆகவே ஒவ்வொரு தடையியையும் மீற்றரில் அளந்துதான் பூட்டுவேன்.

பெட்டியின் உயிர் கிறிஸ்ரல் வடியில். நாலு கிறிஸ்ரலும் ஒன்றையொன்று ஒத்திருக்க வேண்டும். எல்லாவற்றிலும் "12.000" என்று எழுதியிருக்கும், ஆனால் ஒன்றுக்கொன்று சில நூறு ஹேர்ட்ஸ் விலகி நிற்கும். ஒரே அலையாக்கிச் சுற்றில் ஒவ்வொன்றாகச் செருகி, மீடிறனை எண்ணியில் பார்த்துக் கொப்பியில் எழுதி, 50 ஹேர்ட்ஸுக்குள் நிற்கும் நாலைத் தெரிவு செய்யுங்கள். பத்து வாங்கச் சொன்னது இதற்குத்தான். கிறிஸ்ரல்களுக்கிடையில் எர்த்துக்குப் போகும் கொள்ளளவியைக் கூட்டினால் வடி ஒடுங்கும், குறைத்தால் அகலும். குரலுக்கு ஏறத்தாழ 2.4 கிலோஹேர்ட்ஸ் அகலம் வேண்டும்.

குரல் காவி அலைக்கு மேலும் கீழும் இரண்டு பட்டையாக நிற்கும்; 40 மீற்றரில் உலகம் கீழ்ப்பக்கப் பட்டையில்தான் பேசுகிறது. எங்கள் கணக்கில் பட்டை தலைகீழாவதில்லை என்பதால், காவி அலை வடியின் மேல் விளிம்பில் நிற்க வேண்டும். நானோவின் நிரலில் அந்த எண்ணை 50 ஹேர்ட்ஸ் படியாக நகர்த்தி, குரல் குடத்துக்குள் பேசுகிற மாதிரியும் இல்லாமல், தகரத்தில் தட்டுகிற மாதிரியும் இல்லாமல் வரும் இடத்தில் நிறுத்துங்கள். காது பழக ஒரு பின்னேரம் எடுக்கும்.

பிறகு, ஏரியல் அலையை அலையாக்கியோடு கலக்கும் முன்கலப்பியும் பட்டை வடியும். ஏரியலைப் பூட்டியதும் இரைச்சல் கூட வேண்டும். பட்டை வடியின் ரிறிம்மர் என்ற திருகு கொள்ளளவியைத் திருக, ஓரிடத்தில் இரைச்சல் உச்சிக்கு ஏறும். அங்கே விட்டு விடுங்கள்.

ஏரியல்

143ஐ மெகாஹேர்ட்ஸால் பிரித்தால் அரை அலை டைப்போலின், அதாவது நடுவில் பிரிந்த இரு கை வயர் ஏரியலின், நீளம் மீற்றரில் வரும். 7.1க்கு 20.1 மீற்றர், ஒரு கைக்கு 10 மீற்றரும் கொஞ்சமும். முதலில் ஒவ்வொரு கையையும் அரை மீற்றர் கூட விட்டு வெட்டுங்கள். வெட்டிக் குறைக்கலாம், இழுத்து நீட்ட முடியாது. நடுவை பனையிலோ தென்னையிலோ உயர்த்தி, இரு கைகளையும் சரித்துக் கட்டுங்கள். மரத்தில் ஏறத் தெரியாவிட்டால் கெற்றபோலில் ஈயக் குண்டோடு தூண்டில் நூலைக் கொப்புக்கு மேலால் அடியுங்கள்; சின்னப் பெடியளைக் கேட்டால் உங்களை விட நன்றாக அடிப்பார்கள். இலங்கைக்குள் பேச 7, 8 மீற்றர் உயரம் தாராளம். கையின் நுனிகளில் பேசும்போது வோல்ற் கூட. பிள்ளைகளோ மாடோ தொடாத உயரத்தில் நுனியைக் கட்டுங்கள். மின்கம்பி இருக்கும் பக்கம் வேண்டவே வேண்டாம். இடி முழங்கும் சித்திரையிலும் ஐப்பசியிலும் மத்தியானம் தாண்டினால் ஏரியலைக் கழற்றி வெளியே போடுங்கள்.

இன்னொன்று, எங்கள் மண்ணுக்கு மட்டும் உரியது. மீளக் குடியேறிய காணி, பற்றை பிடித்த பின்வளவு, சிவப்புப் பலகை நட்ட இடத்துக்குப் பக்கம் என்றால் எர்த் கம்பி அடிக்கவோ கம்பம் நடவோ கிடங்கு தோண்டாதீர்கள். மிதிவெடி அகற்றி ஒப்படைத்த இடம் என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் மண்ணைத் தொடுங்கள். டைப்போலுக்கு எர்த் தேவையில்லை என்பது நல்ல காலம்.

பேசும் பக்கம்

அனுமதி கையில் இருக்கிறதா? சரி, லாச்சியைத் திறக்கலாம்.

முதலில் ஏரியலுக்குப் பதில் போலிச் சுமை. 1 கிலோ ஓம், அரை வாற் கார்பன் தடையி இருபதைச் சமாந்தரமாகச் சேர்த்தால் 50 ஓம், 10 வாற். கம்பி சுற்றிய தடையி கூடாது. அதுவே ஒரு சுருள். சுமைக்குக் குறுக்கே டயோட்டும் 10 நனோபரட்டும் வைத்து மல்ரிமீற்றரில் உச்ச வோல்ற்றை வாசியுங்கள். அதை அதாலேயே பெருக்கி 100ஆல் பிரித்தால் வாற். 22 வோல்ற் என்றால் 484ஐ 100ஆல் பிரிக்க, கிட்டத்தட்ட 5 வாற்.

ஐஆர்எஃப்510இன் எழுத்துப் பக்கத்தைப் பார்த்துப் பிடித்தால் கால்கள் இடமிருந்து கேற், டிரெயின், சோர்ஸ். முதுகுத் தகடு டிரெயினோடு சேர்ந்தது. மைக்கா வைக்காமல் கூலிங் தகட்டில் பூட்டினால் சப்ளை நேரே எர்த். பூட்டியதும் மீற்றரால் பார்த்து விட்டுத்தான் மற்ற வேலை.

பயஸ் (ஐஆர்எஃப்510 விழித்திருக்கக் கேற்றுக்குக் கொடுக்கும் வோல்ற்) வைப்பதில் அவசரப்பட்டவர்கள் எல்லோரும் ஒரு ஐஆர்எஃப்510 சாம்பலாக்கியவர்கள். பிறிசெற் என்ற சின்னத் திருகு தடையியைக் கேற் வோல்ற் பூச்சியம் வரும் பக்கம் முழுவதும் திருகுங்கள். டிரெயின் வயரைக் கழற்றி அம்பியர் மீற்றரைத் தொடராக இணையுங்கள். மைக் வேண்டாம். பேசும் சுவிச்சை அமத்தி, பிறிசெற்றை மயிரிழை மயிரிழையாகத் திருகுங்கள். கன நேரம் ஒன்றும் நடக்காது; கேற் 3, 4 வோல்ற் பக்கம் வரும்போது திடீரென்று ஏறும். 100 மில்லியம்பியரில் நில்லுங்கள்.

பிறகு மைக்கில் ஒரே சீராக விசில் அடித்து வாற்றைப் பாருங்கள். பேசாதபோது மீற்றர் பூச்சியத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் காவி அலை கசிகிறது. சமநிலைக் கலப்பியின் பிறிசெற்றையும் ரிறிம்மரையும் மாறி மாறித் திருகி அடக்குங்கள்.

ஏரியலுக்குப் போக முதல் தாழ்வடி, அதாவது 7க்கு மேலே உள்ளதைத் தடுக்கும் வடி, கட்டாயம். இல்லையென்றால் நீங்கள் 7இல் பேசுவது 14இலும் 21இலும் கேட்கும். இரண்டு ஓரத்திலும் 270 பிக்கோபரட், நடுவில் இரண்டு 680. அவற்றுக்கு இடையில் ரி37-6இல் 21, 24, 21 சுற்று உள்ள மூன்று சுருள். கம்பி வளையத்தின் ஓட்டைக்குள் ஒரு தடவை போனால் அதுவே ஒரு சுற்று. வெளியால் எண்ணினால் ஒன்று பிழைக்கும்.

வேலை செய்யாவிட்டால்

கேட்கவில்லையா? மறுபடியும் ஸ்பீக்கரில் இருந்து வாருங்கள். ஒவ்வொரு பகுதியின் உள்வாசலையும் ஸ்குறூ ட்ரைவர் நுனியால் தொட, "கிளிக்" சத்தம் ஏரியல் பக்கம் போகப் போகக் கூட வேண்டும். எங்கே சத்தம் செத்துப் போகிறதோ அந்தத் தகட்டில்தான் பிழை. பத்துக்கு எட்டுத் தடவை அது சோல்டர் பிடிக்காத ஒரு கால்.

இரைச்சல் அதிகமா? முதலில் வீட்டின் மெயின் சுவிச்சை நிறுத்திப் பாருங்கள். எல்ஈடி பல்ப்புகளில் மலிவானவை சரியான கள்ளர். சோலார் சார்ஜ் கொன்ற்றோலர் அதை விட மோசம். பனலைக் கழற்றி, பற்றரியில் மட்டும் கேளுங்கள். ஒரு செக்கனுக்கு ஒரு தடவை அளவில் "டிக்… டிக்…" என்று விடாமல் அடித்தால், பெட்டியை மூடி விட்டுக் காட்டுப் பக்கம் பாருங்கள். அது யானை வேலி. கம்பியில் கொப்பு முட்டினாலோ இன்சுலேற்றர் வெடித்தாலோ பொறி பறந்து அந்தச் சத்தம் கூடும். நான் சொல்லித்தான் எங்கள் பக்கத்து வேலியில் ஒழுக்கு இருந்த இடத்தைக் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு ஏரியலைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை.

பொழுதுபட்ட பிறகு எல்லோருடைய குரலும் நடுங்கி, தண்ணீருக்குள் பேசுவது போல் வந்தால் பெட்டியைத் திறக்காதீர்கள். பூமியின் காந்த மத்திய கோடு எங்களுக்குக் கிட்டத்தான் போகிறது. 1963இல் இந்தியா கேரளத்துத் தும்பாவில் ரொக்கெற் ஏவுதளம் வைத்ததும் அந்தக் கோட்டுக்கு அருகில் என்பதால்தான். இரவில் எங்கள் தலைக்கு மேலுள்ள அயன மண்டலம் கொதிக்கிற உலை. நடுச்சாமத்துக்குப் பிறகு கொழும்பு காணாமல் போய், தூரத்து நிலையங்கள் மட்டும் வருவதும் பிழை அல்ல.

பேசும்போது குரல் கரகரத்து, டிஸ்பிளே எண் குழம்பினால் ஏரியல் அலை திரும்பப் பெட்டிக்குள் வருகிறது. மைக் வாசலில் 1 நனோபரட் எர்த்துக்குப் போடுங்கள். ஏரியல் வயரைப் பெட்டிக்குக் கிட்ட எட்டுப் பத்துச் சுற்றுச் சுருட்டிக் கட்டுங்கள். மைக் இல்லாமலே அம்பியர் பாய்ந்தால் பெருக்கி தானாக அலைகிறது: வயர்களைக் கட்டையாக்கி, கடைசிப் பெருக்கிக்கும் மற்றவற்றுக்கும் நடுவில் தகரம் வையுங்கள்.

ஒரு தடவை பேசும் சுவிச்சை அமத்தினால், கேட்பதில் இருந்து பேசுவதற்கு மாற்றும் றிலே "டக்" என்கிறது, வாற் இல்லை. மூன்று நாள் அளந்தேன். கடைசியில் மூடியில்லாத அந்த றிலேயின் முனைகளுக்கிடையில் எறும்பு ஒன்று நசிந்து கிடந்தது. அன்றில் இருந்து மூடிய றிலே மட்டும்தான் வாங்குவேன்; பெட்டியின் ஓட்டைகளுக்கு நுளம்பு வலைத் துண்டு ஒட்டுவேன்.

மாற்றங்கள்

எல்லோரும் முதலில் கேட்பது கூட வாற். ஐஆர்எஃப்510க்கு மட்டும் 24 வோல்ற் கொடுத்தால் வாற் ஏறும், கூலிங் தகடும் பெரிதாக வேண்டும். ஆனால் 5ஐ 10 ஆக்கினால் மறுமுனையில் கிடைப்பது 3 டெசிபல், சமிக்ஞை மீற்றரில் அரைக் கோடு. அந்தக் காசுக்கு ஏரியலை இன்னும் மூன்று மீற்றர் உயர்த்தலாம். முதலில் செய்ய வேண்டியது ஒலியைத் தானாக மட்டுப்படுத்தும் சுற்று. பக்கத்து நிலையம் ஒன்று திடீரென்று வந்தால் காது தப்பும். ஃபோனைப் பூட்டி எஃப்ரி8 (சின்னச் செய்திகளை ஒலியாக மாற்றி அனுப்பும் முறை) செய்ய விரும்பினால் 7.074இல் மேல்பக்கப் பட்டை வேண்டும். அலையாக்கியை 19 மெகாஹேர்ட்ஸ் பக்கம் மாற்றினால் பட்டை புரளும். நிரலில் ஒரு வரி. ஆனால் அது விடாமல் அனுப்பும் முறை, வாற்றைப் பாதியாக்கிக் கொள்ளுங்கள்.

முதல் நாள் நீங்களே அழைப்பு விடாதீர்கள். காலமை ஏழு, எட்டு மணிக்கு 7 மெகாஹேர்ட்ஸில் தமிழ் கேட்கும். நல்ல பலமாக வரும் ஒருவர் பேசி முடித்ததும் உங்கள் அழைப்புக்குறியை ஆறுதலாக இரண்டு தடவை சொல்லி, "5 வாற், வீட்டில் செய்த பெட்டி, வன்னியில் இருந்து" என்று சேருங்கள். பதில் வந்ததும் கைநடுங்கும். பென்சிலைத் தயாராக வைத்திருங்கள். பதிவுக் கொப்பியில் திகதி, மீடிறன், உங்கள் சமிக்ஞை பற்றி அவர் தந்த அறிக்கை, உலகப் பொது நேரம். எங்கள் மணிக்கூட்டில் இருந்து 5 மணி 30 நிமிடம் கழித்து எழுத வேண்டும்.